சாக்பீஸ்காரரின் முழங்கால் பை

எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழு பத்துக்கே வந்து நிற்பார். வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். நேராக இயந்திரத்திடம் போய் அதன் பின்மூடியில் உள்ளங்கையை வைப்பார். சூடு தெரிந்தால் முகம் கோணிவிடும். "ராத்திரி முழுக்க ஜுரமா இதுக்கு?" என்று விற்கிறவரைக் கேட்பார். பழைய எக்ஸ்கவேட்டரை விற்கிறவர்கள், வாங்க வருகிறவர் கண்ணெதிரே அது முதல் திருப்பிலேயே கிளம்ப வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பதுண்டு. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும் என்பது இவர் கட்சி.

தொழிலில் இருக்கிறவர்கள் அவரைச் சாக்பீஸ்காரர் என்பார்கள். வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருடம் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பழைய மண் தோண்டும் இயந்திரம் வாங்குகிறவர்களுக்குப் பரிசோதித்துச் சொல்கிறார். இயந்திரத்தின் கையை மேலே தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்வார். அதைத் தாங்கிப் பளபளக்கும் பிஸ்டன் தண்டைத் துணியால் துடைத்து, அதில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். பிறகு எதிரே குந்தி, பத்து நிமிடம் அந்தக் கோட்டையே பார்ப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால், குழந்தை தூங்குகிற வீட்டில் செய்வதுபோல உதட்டில் விரலை வைப்பார். கோடு ஒரு நகம் அளவு இறங்கினால், "வயசாயிடுச்சு, பாவம்" என்பார். இரண்டு விரல் இறங்கினால் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிடுவார்.

அவரிடம் ஒரு முழ நீளத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் உண்டு. முனையை பம்பின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதை வைத்துக்கொள்வதற்காக மனைவி அவருடைய காக்கிக் கால்சட்டையில் வலது முழங்கால் பக்கம் நீளமாக ஒரு பை தைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. துவைக்க எடுத்தால் அதிலிருந்து நட்டு வரும், வாஷர் வரும், கரைந்துபோன சாக்பீஸ் வரும்.

"இது பையா, பழைய இரும்புக் கடையா? என்னைக்காவது ஒரு மெஷினையே உள்ள போட்டுட்டு வந்து நிக்கப் போறீங்க!"

"அவ்வளவு பெருசா நீ தைக்கலையே."

இன்னொன்று, நோட்டு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு நாற்பத்தாறு கேள்வி. பார்த்து முடித்ததற்கு டிக். போட்ட டிக்கை அவர் அடித்ததில்லை. அவர் நோட்டில் இருந்தால் அது இருக்கிறது. இதை அவர் மட்டுமல்ல, தொழிலில் எல்லோருமே நம்பினார்கள்.

போன மாதம் தங்கை மகள் கூப்பிட்டாள். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை அவளுக்கு. பதினொரு வருடமாகக் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். இடுப்பு போய்விட்டது. குறுகலான சந்திலும் நுழைகிற மாதிரி இரண்டு டன்னுக்குள் ஒரு குட்டி எக்ஸ்கவேட்டர் பழையதாக வந்திருக்கிறது என்றாள்.

"நீங்க சரின்னா சரி மாமா. நான் கண்ண மூடிட்டு வாங்கிடுவேன்."

"கண்ணத் தொறந்தே வாங்கு. காதுதான் என்னுது."

எஞ்சின் குளிர்ந்திருந்தது. இதுவரை ஓடிய மணிக் கணக்கு 3,812 என்று காட்டியது. மிதியின் ரப்பர் தேய்மானமும் அதற்கு ஒத்துப்போனது. கோடு ஒரு நகம்தான் இறங்கியது. ஒரே ஒரு குறை. இருக்கையும் கையுமாகச் சேர்ந்து சுழலும் மேல்பாகத்தின் பிரேக் தளர்ந்திருந்தது. மேல்பாகம் சுழலாமல் பிடித்துக்கொள்வதற்கு லாக்பின் என்று ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது; ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன். முதலில் அது இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைச் சரிவில் நிறுத்தி, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். யாரும் தொடாமலே அரை நிமிடத்தில் ஒரு சாண் நகர்ந்தது. நோட்டில் முப்பத்தொன்றாவது கேள்விக்கு எதிரே எழுதி அடிக்கோடு போட்டார்: 'தானாகச் சுழல்கிறது. லாக்பின் இல்லாமல் லாரியில் ஏற்றக் கூடாது.' முப்பத்திரண்டு: லாக்பின் உண்டா? டிக்.

லாரி பத்தரைக்கு வந்தது. டிரைவர் ஒல்லி ஆள். அந்த முதலாளியிடம் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று தானாகவே சொன்னான். இயந்திரத்தை ஏற்றி நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்கினான். லாரித் தட்டு குட்டை; கையின் நுனியில் மண் அள்ளும் பக்கெட்டைத் தட்டில் ஊன்ற இடமில்லை. கை மடங்கி அந்தரத்தில் நின்றது.

"பெரியவரே, லாக்பின் இருக்கா?"

சாக்பீஸ்காரர் நோட்டைத் திறந்து பார்த்தார். "இருக்கு."

"எதுக்கும் கைக்கும் ஒரு சங்கிலி போட்டுடறேன்."

"வேணாம்ப்பா, பெயிண்ட் உரிஞ்சிடும். ஆசையா வாங்கியிருக்கா."

"மெஷின்மேல இருக்கிற பாசத்துல பாதி மனுசங்கமேல காட்டுங்க மாமா," என்று தங்கை மகள் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

மணி பதினொன்று இரண்டு. முடிதிருத்தும் கடையை ஒட்டிய வளைவு. சாக்பீஸ்காரர் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, சூடாக்கி வைத்து விற்ற ஓர் ஆளை மாட்டிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் மூஞ்சியப் பாக்கணுமே…" என்று தொடங்கியவர், பக்கக் கண்ணாடியில் சாலைக்குப் பதில் இயந்திரத்தின் மஞ்சள் நிறம் மட்டும் இருப்பதைப் பார்த்தார். தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. டிரைவர் பிரேக்கை மிதித்தபோது அவர் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது. அது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

கீழே இறங்கினார். இயந்திரத்தின் மேல்பாகம் முழுதாகத் திரும்பி, கை லாரிக்கு வெளியே கடைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கடையின் தகரப் பந்தல் பக்கெட்டில் தொங்கியது. அதன் கீழே பெஞ்சில், முறைக்காகக் காத்திருந்த ஒருவர் செய்தித்தாளைப் படிக்கும் வாகில் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். கைகளுக்கு நடுவில் செய்தித்தாள் இல்லை. கைக்கொன்றாக விரலிடுக்கில் இரண்டு மூலைத் துண்டுகள் மட்டும் இருந்தன. மீதியைப் பக்கெட்டின் பற்கள் கொண்டுபோயிருந்தன.

கடைக்காரர் கத்தியும் கையுமாக ஓடிவந்தார். "அண்ணே! அண்ணே, அடி பட்டுச்சா?"

அந்த மனிதர் மூலைத் துண்டுகளைப் பார்த்தபடியே சொன்னார்: "பாதிதான் படிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையைக் கீழே இறக்கவும் இல்லை. கடைக்காரர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து இறக்கினார்.

தங்கை மகள் ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "என் கண்ணு முன்னாடியே திரும்புது மாமா. அவர் தலை போயிடுச்சுன்னே நெனச்சேன்." உதடு கோணியது. சட்டென்று டிரைவர் பக்கம் திரும்பினாள். "லாக்பின் எங்கடா?"

"நான் கேட்டேம்மா. இவர்தான் இருக்குன்னார்."

"அவர் நோட்டுல இல்லாததச் சொல்ல மாட்டார். ஏத்துறப்ப நீதான் கழட்டி எங்கயோ போட்டிருப்ப!"

"சத்தியமா கழட்டலம்மா."

"திருட்டு முழி முழிக்கிறதப் பாரு," என்றார் கடைக்காரர். கூடிவிட்டவர்களும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

டிரைவர் மேலே ஏறி, இயந்திரத்தின் கையை இழுத்துப் பழைய இடத்துக்குத் திருப்பினான். இருக்கைக்கு அடியிலும் சங்கிலிக் குவியலிலும் தட்டின் இடுக்கிலும் தேடினான். வெறுங்கையோடு இறங்கினான்.

"மாமா, நோட்ட எடுத்து இவன் மூஞ்சிக்கு நேரா காட்டுங்க."

சாக்பீஸ்காரர் நோட்டைத் திறந்தார். முப்பத்திரண்டு. டிக். எழுத்தில் ஒரு பிழை கிடையாது. பார்த்தபோது இருந்தது, பார்த்துத்தான் போட்டார். கண் மேலே முப்பத்தொன்றுக்குப் போயிற்று. அடிக்கோட்டிலேயே நின்றது. காலையில் சரிவில் கழற்றினோமே, கழற்றி…

கை தானாக முழங்காலுக்குப் போனது. துணிக்கு மேலாகவே தடவினார். ஸ்க்ரூடிரைவர். அதை ஒட்டி இன்னொன்று. குட்டையாக, கட்டைவிரல் பருமனில். நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்துக்கு இறங்கியதை அவர் துடைக்கவில்லை. யாரும் அவர் முழங்காலைப் பார்க்கவில்லை. அடுத்த பாலத்தில் இதை வீசி எறிந்தால், உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"உன் ஓனர் நம்பரச் சொல்லு," என்றாள் தங்கை மகள், போனை எடுத்தபடி.

"அக்கா, இன்னையோட என் வேலை போயிடும்க்கா."

"சொல்லுடா!"

"ஒன்பது… நாலு…" டிரைவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். "நாலு… ஏழு… ரெண்டு…"

சாக்பீஸ்காரர் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். டிரைவரின் வலது கையைப் பிடித்து நிமிர்த்தி, அதில் லாக்பின்னை வைத்தார். எண் ஐந்தாவது இலக்கத்தோடு நின்றது. தங்கை மகள் போனைக் காதுக்கும் கொண்டுபோகாமல், இறக்கவும் செய்யாமல் அவரையே பார்த்தாள்.

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரையில் வைத்தார். குனிந்து, முழங்கால் பையின் அடித்துணியைப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி முழுதாக வெளியே இழுத்துவிட்டார். இரண்டு வாஷரும் நான்கு சாக்பீஸ் துண்டும் சாலையில் உருண்டன.