மாப்பனியும் இரண்டு சோடி அகலப் பலகைகளும்

பனிச்சறுக்குப் பலகைகளைப் பற்றி யாராவது என்னிடம் விசாரித்தால் இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். விவரம் அதற்குப் பிறகுதான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், ஒஸ்ரிய எல்லையை ஒட்டிய ஒரு மலையூரில் இருந்தோம். நாங்கள் தேர்ந்தெடுத்த ஊர் அல்ல. அகதிகளை மாவட்டம் மாவட்டமாகப் பங்கிட்டபோது எனக்கும் கணவருக்கும் விழுந்த பங்கு அது. அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். நான் சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடையொன்றில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். பலகைக்கு மெழுகு பூசுகிறவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளி மெழுகு உருக்கும் அயன்பெட்டியை என் கையில் தந்துவிட்டார். பலகையின் இரு ஓரத்திலும் ஓடும் இரும்பு விளிம்பை அராவிக் கூராக்கவும் பழகிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அந்த ஊரில் என் கைக்கு இணையாக இன்னொரு கை இருக்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மெழுகு என்ன செய்கிறதென்று காலுக்கும் தெரியவேண்டும் என்று முதலாளி சொன்னார். அதனால் மதிய இடைவேளைகளில் கடைக்குப் பின்னால் உள்ள குழந்தைகள் சரிவில் விழுந்தெழும்பி சறுக்கவும் கற்றேன். நாலு வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போகும். மூன்றாவது குளிர்காலத்தில் நான் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் கடைக்கு இரண்டு சோடி அகலப் பலகைகள் வந்தன. அதுவரை எல்லாரும் ஓட்டியது ஒடுங்கிய பலகை. புதிதாக வந்ததில் ஒன்று எல்லா மலைக்கும் என்று விற்கப்பட்டது, நடுவில் ஏழரை சென்ரிமீற்றர்; நடுத்தரப் பலகை என்று அதைச் சொல்கிறேன். மற்றது மாப்பனிக்கென்றே செய்தது, பத்துக்கு மேலே. இடித்து அரித்த அரிசிமா மாதிரி, மிதித்தால் முழங்கால்வரை வாங்கும் புதுப்பனியைத்தான் மாப்பனி என்கிறேன். அடுத்த வருடம் வாடகைக்கு எதை நிறைய வாங்குவது என்று முதலாளிக்குத் தெரியவேண்டும். அவரும் அவருடைய நண்பர்களும் தொண்ணூறு கிலோ ஆட்கள். பாரம் குறைந்த ஒருவர் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. துடைப்பத்தோடு உள்ளே வந்தவளிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள்! சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டுகளை இரண்டு சோடியிலும் என் அளவுக்கு நானே பூட்டினேன்.

முதல் இரண்டு நாளும் இயந்திரம் அழுத்தித் தயார் செய்த சரிவுகளில் ஓடினேன். காலையில் பனி கல்லாக இறுகியிருக்கும். அதில் மாப்பனிப் பலகை சட்டிமூடி போலக் கடகடத்தது. அவ்வளவு அகலத்தைச் சரித்து விளிம்பில் நிறுத்துவதற்குள் முழங்கால் கழன்றுவிடும். நடுத்தரப் பலகை கொஞ்சம் சோம்பேறி, ஒரு விளிம்பிலிருந்து மற்றதுக்கு ஆறுதலாகத்தான் வரும். ஆனால் சொன்னால் கேட்கும், கடித்துப் பிடிக்கும். பின்னேரம் எல்லாரும் உழுது குழப்பிய ஈரப்பனியில் கதை மாறியது. நடுத்தரத்தை மேடு பள்ளமெல்லாம் தட்டி விளையாடின. மாப்பனிப் பலகை எதையும் பொருட்படுத்தாமல் ஏறி மிதித்துக்கொண்டு போனது. இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். முதலாளி வாசித்துவிட்டு, இப்படி எவனும் எனக்குச் சொன்னதில்லை என்றார்.

மூன்றாம் நாள் இரவிரவாகப் பனி கொட்டியிருந்தது. விடிந்ததும் முதலாளி என்னைக் கம்பியில் தொங்கி மலையேறும் இழுவைக் கதிரையில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோனார். என் காலில் மாப்பனிப் பலகை. நடுத்தரச் சோடியை அவர் முதுகுப்பையில் கட்டியிருந்தார், கீழே போய் மாற்றலாம் என்று. அவர் காலில் அவருடைய பழைய ஒடுங்கிய பலகை. மலையின் பின்பக்கம் பனி நல்லது, என் பின்னால் வா என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

பொய் சொல்லமாட்டேன், அந்த இறக்கம் என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று. பலகை அமிழவே இல்லை. பாரத்தைப் பின்னுக்குப் போட்டுத் தொடையை வருத்தத் தேவையில்லை, நடுவில் நிமிர்ந்து நின்றால் போதும். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தேன். முதலாளி ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்புவரை புதைந்து எழும்பினார்.

காட்டைத் தாண்டிக் கீழே ஒரு தெருவில் வந்து நின்றோம். பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை, வாசலில் நாலைந்து கார்கள். கார்களின் இலக்கத்தகட்டில் மேலும் கீழும் சிவப்புக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெர்மன் காருக்குச் சிவப்புக் கோடு கிடையாது.

எங்கள் கைகளில் இருந்த கடதாசியின் பெயர் டுல்டுங். இந்த நாட்டில் இருக்க உனக்கு உரிமை இல்லை, ஆனால் இப்போதைக்குத் திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டுவார்கள். நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் அது அந்த இடத்திலேயே செல்லாமல் போய்விடும். திரும்பி உள்ளே வரவும் முடியாது. நான் நின்றது ஒஸ்ரியாவில்.

நீ ஏன் கேட்கவில்லை என்று இப்போது கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த எல்லையில் மண்மூட்டை அடுக்கியிருக்கும். துவக்கோடு ஆள் நிற்பான், பாஸ் கேட்பான், பையைக் கொட்டச் சொல்லுவான். ஊரில் அப்படி எத்தனையோ தடை தாண்டி வந்தவள் நான். சிரித்துக்கொண்டே சறுக்கித் தாண்டுகிற எல்லை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

முதலாளி பலகையைக் கழற்றி ஊன்றிவிட்டு, தேநீர் குடிப்போம், பஸ்ஸில் திரும்புவோம் என்றார்.

"இது ஒஸ்ரியா" என்றேன்.

"ஓம், வேறென்ன?"

"என் கடதாசி செத்துப்போய்விட்டது."

அவருக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. பிறகு சிரித்தார். யார் பார்த்தது, எல்லையில் பஸ்ஸை மறிக்கும் ஆட்களை எனக்குத் தெரியும், நான் கதைக்கிறேன் என்றார். என் கடதாசியின் பிரதி அவருடைய அலுமாரியில் இருக்கிறது. என் வேலை அனுமதிக்காக வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியவரே அவர்தான். ஆத்திரத்தோடு, காலில் இருந்த பலகையோடே வந்த வழியே மலையில் ஏறத் தொடங்கினேன்.

பக்கவாட்டாக, நண்டு போல, ஒவ்வொரு அடியாக. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. காட்டுக்குள் மாப்பனிப் பலகை என்னைத் தாங்கியது. தனியே விடப் பயந்து பின்னால் ஏறிவந்த முதலாளி முழங்கால்வரை புதைந்து புதைந்து, உனக்குப் பைத்தியமா என்று கத்திக்கொண்டு வந்தார். உச்சிக்குக் கிட்ட காற்றடித்து இறுகிய பனி. அங்கே அதே பலகை இரண்டடி ஏறினால் மூன்றடி வழுக்கியது.

"மற்றதைத் தாருங்கள்!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாளியை அதட்டினேன். நடுத்தரத்தின் விளிம்பு நான் அராவியபடியே கடித்துப் பிடித்தது. அதில்தான் மேலே வந்து சேர்ந்தேன். என்னைப்போன்ற பாரம் குறைந்தவளுக்கு அந்த ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பது அங்கேதான் எனக்குத் தெளிவானது.

மேலே இரண்டு எல்லைப் பொலிஸ்காரர்கள் பலகைகளோடு நின்றார்கள். ஒருவர் முதலாளியோடு பள்ளிக்கூடம் போனவர். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கண்ணால் முதலாளியைக் கெஞ்சினேன். அந்த மனிதன் வாயெல்லாம் பல்லாக, "இவளைப் பார், கீழே இறங்கிவிட்டு அது ஒஸ்ரியா என்று பயந்து மலை முழுக்க ஏறியே வந்திருக்கிறாள்!" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கடதாசியைக் கேட்டார்கள். சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூட நண்பர் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். என்னுடைய அகலமான தடங்கள் ஒஸ்ரியப் பக்கத்திலிருந்து ஏறி வருவதைப் பார்த்தார். பிறகு அவர் கடதாசியை மடித்து முதலாளியின் கையில் கொடுத்தார், என் கையில் இல்லை. "அடுத்த முறை உன் ஆளை இந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொள்" என்றார்.

"பார்த்தாயா, ஒன்றும் நடக்கவில்லை" என்றார் முதலாளி.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் அரிசி கழுவிக்கொண்டே கேட்டார்.

"அந்தாள் தெரியாமல் செய்தது. விடுமன்" என்றார்.

"தெரியாமலோ? அலுமாரிக்குள்ள என்ர கடதாசியின்ர பிரதி வைச்சிருக்கிறவருக்குத் தெரியாதோ? உங்களுக்குக் கோவமே வராதோ?"

அவர் தண்ணீரை வடித்தார். "நீர் அங்கால நிண்டிருந்தா, நான் எல்லையில வந்து நிண்டு கையைக் காட்டலாம். அதுக்கு மேல என்னால ஒண்டும் ஏலாது. கோவிச்சு என்ன செய்யிறது?"

அவருடைய கடதாசியும் அதேதான்.

மறுநாள் காலை பட்டறையில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தேன். முன்கடையில் முதலாளி வாடிக்கையாளர்களுக்குக் கதை சொல்வது கேட்டது. நண்டு போல் ஏறினாள் என்று நடித்தும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சுரண்டியைக் கையில் பிடித்தபடியே முன்னால் போனேன்.

"மிச்சத்தையும் சொல்லுங்கள்" என்றேன். "நான் அங்கேயே நின்றிருந்தால் என் கடதாசி செல்லாது. என் புருஷனிடம் திரும்பி வர முடியாது. யுத்தம் நடக்கிற ஊருக்கு என்னை ஏற்றியிருப்பார்கள். அந்தக் கடதாசியின் பிரதி உங்கள் அலுமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் என்னை அங்கே கூட்டிப்போனீர்கள். இதையும் நடித்துக் காட்டுங்கள்."

சப்பாத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கொக்கியைப் பூட்டாமல் அப்படியே இருந்தாள். முதலாளியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"நான் மறந்துவிட்டேன்" என்றார், மெதுவாக.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மறந்துதான் போயிருந்தார், கெட்ட மனிதரும் இல்லை. ஐந்து வருடமாக நித்திரையில்கூட என்னால் மறக்க முடியாத ஒன்றை அவரால் ஒரு காலைப்பொழுதில் மறக்க முடிந்தது. அதற்காகத்தான் அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.