கேரவனுக்குப் பழைய டயரே போதும் என்றவர்கள்

டயர் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக்கல் முடித்துவிட்டுத் திண்டிவனம் பைபாஸில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறேன். லாரி, டிராக்டர், கார் எல்லாவற்றுக்கும் சக்கரம் மாற்றியிருக்கிறேன். எதுவும் என்னை அந்தக் கேரவன் படுத்திய பாடு படுத்தவில்லை.

பட்டன் இருக்குதே!

கிளியனூர் விவசாயி ஏழுமலை தன் ஜீப்பின் பின்னால் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஒரே அச்சு, இரண்டு சக்கரம், உள்ளே கட்டில், சின்ன அடுப்பங்கரை. இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டி. வாங்கிப் பெயின்ட் அடித்து, பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். அதற்கு முன் பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த, செஞ்சிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குலதெய்வம் கோயிலுக்கு இதில்தான் முதல் பயணம்.

"காத்து மட்டும் புடிச்சி வுடும்மா. ஜல்தி."

குனிந்து பார்த்தேன். பட்டன் என்று நாங்கள் சொல்லும் மேல்வரிகள் புதுசு போலிருந்தன, ஆனால் டயரின் பக்கவாட்டில் காய்ந்த ஏரி மண் மாதிரி வெடிப்பு. நகத்தால் கீறினால் ரப்பர் தூளாக உதிர்ந்தது.

"இத மாத்தியே ஆவணும்ங்க. ரோட்டுல வெடிச்சிடும்."

"இன்னாம்மா நீ! பட்டன் அப்படியே கீது, தேயவே இல்ல. புது டயருன்னு வித்தாக்கூட வாங்குவான்."

"ஓடாம நின்னா பட்டன் எப்படித் தேயும்? நின்ன இடத்துலயே டயர் கெட்டுப்போச்சுங்க."

டயரில் அடித்திருக்கும் நாலு இலக்கத்தைக் காட்டினேன். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அந்த வருஷத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சொன்னேன்.

"நீ இன்னும் நல்லாத்தானே இருக்குற?" என்றார்.

எங்கள் முதலாளி உள்ளேயிருந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இழுபடுகிற வண்டிதானே

மறுநாள் மருமகனின் காரிலிருந்து கழற்றிய இரண்டு அலாய் வீலோடு வந்து நின்றார். காருக்குப் புதுசு போட்டார்களாம், பழசு கேரவனுக்காம். இந்தப் பக்கத்தில் இது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. இழுக்கிற வண்டிக்கு நல்ல டயர், இழுபடுகிற வண்டிக்குக் கழித்த டயர். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றும் டிராக்டர் டிரெய்லரைப் பாருங்கள், பாதிக்கு மேல் தேய்ந்த மொட்டை டயரில்தான் ஓடும். அது வயல்வெளியில் ஊர்கிற வண்டி. இது ஜீப் வேகத்தில் நாலுவழிச் சாலையில் போகிற வண்டி.

"அதுக்கு இன்ஜின் கீதா? கியர் கீதா? சும்மா பின்னால வரப்போற வண்டிக்கு இன்னாத்துக்குப் புது டயரு?"

"எடை இருக்குங்களே. மொத்த எடையும் ரெண்டே சக்கரத்துல உக்காருது. ஒண்ணு வெடிச்சா வண்டி ஆடிப்போயி ஜீப்பையும் சேத்துக் கவுத்துடும்."

அவர் கேட்கவில்லை. போல்ட் ஓட்டைகள் சரியாகப் பொருந்தின. அதுதான் வினையே. "பாத்தியா, இதுக்குன்னே செஞ்ச மாதிரி கீது" என்று குதித்தார். ஓட்டை பொருந்தினால் வீல் பொருந்தியது என்று அர்த்தமில்லை. அலாய் தடிமன் என்பதால் பழைய நட்டு மரையில் நாலைந்து சுற்றுதான் பிடித்தது. நட்டின் அடிப்பகுதி ஒரு வடிவம், அது உட்கார வேண்டிய குழி வேறு வடிவம். முறுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். அந்தக் கார் டயரில் 82 என்ற குறி. அப்படியென்றால் ஒரு டயர் 475 கிலோதான் தாங்கும், இரண்டுக்கும் சேர்த்து 950.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "கேட்டத மாட்டிக் குடுத்து அனுப்பும்மா. வர்றவங்களுக்கெல்லாம் க்ளாஸ் எடுத்துக்கினு இருந்தா கடைய மூட வேண்டியதுதான்."

"நட்டு கழண்டு வந்தா கடை பேரத்தான் சார் சொல்லுவாங்க."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பேஜாரு புடிச்ச வண்டிய எங்கிருந்துதான் வாங்கினாரோ" என்று சொல்லிவிட்டு, "சரி, உன் இஷ்டம். ஆனா அவர நீதான் சமாளிக்கணும்" என்று நழுவிவிட்டார்.

எடை மேடை

வாயால் சொன்னால் நடக்காது. கோயிலுக்குக் கொண்டுபோகிற சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், பக்கத்து எடை மேடையில் ஏற்றிப் பார்க்கலாம் என்றேன். வந்தார். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் டிரம், பொங்கல் வைக்கப் பித்தளை அண்டா, பந்தலுக்கு இரும்புக் குழாய். ஆயிரத்து ஐம்பது கிலோ காட்டியது. கார் டயரின் கணக்கு அங்கேயே செத்தது. ஏழுமலை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மிஷின்ல எதனா கோளாறு இருக்கும்" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

சின்ன லோடு வண்டிகளுக்கு வரும், அதிக பாரம் தாங்கும் 8 ப்ளை டயரை எடுத்தேன். குறி 97, ஒன்று 730 கிலோ தாங்கும். அந்த டயருக்குக் காற்று அதிகம் வேண்டும், அந்த அழுத்தத்தை ரிம்மும் தாங்க வேண்டும். அதனால் எவ்வளவு எடை தாங்கும் என்பதை உட்புறத்தில் அடித்திருக்கிற ஸ்டீல் ரிம்மைப் போட்டேன். அப்படி அடிக்காத ரிம்மைத் தொடாதீர்கள். அந்த ரிம்மின் குழிக்கு ஏற்ற நட்டு. ஸ்டெப்னியும் அதே அளவு, அதே ரகம்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான், ஏழுமலையோடு வந்திருந்த அவருடைய மகள் பூங்கொடி, மொட்டையடிக்கப்போகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏங்க, உள்ள ஃபேன் ஓடுமா? புள்ளைக்கு வேர்க்கும்."

"எப்போ ஓடணும்?"

"போகும்போதுதான். நாங்க ஆறு பேரும் உள்ளதான வரப்போறோம்."

இத்தனை கணக்கும் போட்டேன், இதைக் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் சொல்லவும் தோன்றவில்லை. டிராக்டர் டிரெய்லரில் கூட்டமாக உட்கார்ந்து கோயிலுக்குப் போய்ப் பழகிய குடும்பம். இதில் கட்டில் வேறு இருக்கிறது.

"ஓடுற கேரவன்ல ஆள் இருக்கவே கூடாதுங்க. சீட் பெல்ட் கிடையாது. ஆறு பேரு ஏறினா அச்சு தாங்குற அளவையும் தாண்டிடும்."

"உன் டயருதான் தாங்கும்ன்ற, அப்புறம் இன்னா?" என்றார் ஏழுமலை.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் நல்ல டயர் போட்டதே அந்தக் குழந்தையை உள்ளே ஏற்றத் தைரியம் கொடுத்துவிட்டது.

ஒரு ரவுண்டு

புதுச் சக்கரம் மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டி நட்டைத் திரும்ப முறுக்க வேண்டும். அதனால் சாமானோடு, ஆள் இல்லாமல், கிளியனூர் ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வரச் சொன்னேன். ஏழுமலை போனார். வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்ததாம், பிரேக் போட்டாராம். வேறொன்றும் ஆகவில்லை என்று திரும்பி வந்து சொன்னார்.

பூங்கொடிதான் கதவைத் திறந்தார். தரை முழுக்க அரிசி. டிரம் சாய்ந்து தண்ணீர் வாசலில் வழிந்தது. அண்டா கட்டிலின் மேல் கவிழ்ந்து கிடந்தது. குழந்தைக்காக அவர் காலையில் விரித்து வைத்திருந்த துணி அதற்கு அடியில் இருந்தது.

ஏழுமலை எட்டிப் பார்த்து, "அண்டாவக் கயிறு போட்டுக் கட்டியிருந்தா வுழுந்திருக்காது" என்றார்.

"புள்ளையையும் கயிறு போட்டுக் கட்டுவியாப்பா?" என்றார் பூங்கொடி. "நாங்க பஸ்ல வர்றோம். உன் வண்டில அண்டா வரட்டும்."

நான் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கொடுத்தது. எதிரெதிராக முறுக்கி முடிக்கும்வரை ஏழுமலை பக்கத்திலேயே நின்றார்.

அன்றிலிருந்து டிரெய்லர் எது வந்தாலும் டயர் அளவை நான் முதலில் பார்ப்பதில்லை. உள்ளே என்ன போகிறது, யார் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். படட்டும். ஆள் போகிறது என்றால் எந்த டயரும் சரியான டயர் இல்லை.