ஒரு குழியில் இரண்டு கேரட்

மார்கழிக் குளிரை நம்பி, ஆவடி மொட்டைமாடியில் ஊட்டி கேரட் விதை போட்டிருந்தேன். குழிக்கு இரண்டாக முளைத்துவிட்டது.

இன்று விதைக்கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன்.

“ஒண்ண புடுங்கிடு நைனா. இல்லாங்காட்டி ரெண்டுமே தேறாது.”

வீட்டுக்கு வந்து ஒரு நாற்றில் கைவைத்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

“ஒண்ணாவது தேறுச்சேன்னுதான் அன்னிக்கும் எல்லாரும் சொன்னாங்க. ரெண்டும் இருக்கட்டும்டா.”

நான் இரட்டையில் ஒருவன். கூடப் பிறந்தவன் மூன்றாம் நாளே போய்விட்டான். அவனைப் பற்றி அம்மா என்னிடம் பேசியது இதுதான் முதல்முறை.

கேரட் சுண்டுவிரல் பருமன்கூட வராது, தெரியும். பிடுங்கச் சொல்லி மட்டும் யாரும் கமெண்ட் போடாதீர்கள். அம்மாவும் படிப்பார்.