பச்சைத் துணிக்கு இரண்டு நாள்

திங்கட்கிழமை காலை மாதனூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது நஸீமாவின் தம்பி போன் செய்தான். "சாந்திக்கா, நஸீமா ஆபா போய்ட்டாங்க. தூக்கத்துலயே..." முந்தைய நாள் மாலைதான் அவளும் நானும் ஒரு கிணற்றில் தண்ணீர் எடுத்துவந்திருந்தோம். "வெளையாடாத" என்று அவனை அதட்டிவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து ஆய்வகத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. கோடை ஞாயிறுகளில் பிள்ளைகள் நீந்தும் கிணறுகளைச் சோதிப்பது அவள் யோசனை. தண்ணீர் நல்லதென்றால் மோட்டார் கொட்டகையில் பச்சைத் துணி, கெட்டதென்றால் சிவப்பு. சிவப்பு கட்டிய ஊரில் எங்களுக்கு மோர்கூடக் கிடைக்காது. "வுடு தோஸ்த், திட்றவங்க புள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்று சிரிப்பாள். எனக்குத்தான் கோபம் கோபமாக வரும்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிணற்றில் நான் செய்த தவறு, இன்று அவளை நினைத்துக் கூடியிருக்கும் உங்களில் சிலருக்குத் தெரியும். அன்று அவள் வரவில்லை. "இது இன்னா தோல்ஷாப்பு தண்ணியா? குடிச்சுப் பாருங்க, இளநி!" என்றார் கிணற்றுக்காரர். குடித்தேன். இனித்தது. தோல் பதனிடும் கழிவு கலந்து உப்புக் கரித்தால்தானே எங்கள் பக்கத்தில் பயம்? மீட்டரும் உப்பு கம்மி என்றது. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து இரண்டு நாள் வைக்க வேண்டும், கெட்டதென்றால் கறுக்கும். பிடித்தேன், ஆனால் காத்திருக்கவில்லை. பச்சையைக் கட்டிவிட்டு வந்தேன்.

பாட்டில் கறுத்தபோது, அந்தக் கிணற்றில் நீந்திய, செல்வி என்பவரின் மகள் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுச் சாக்கடை கிணற்றுக்குள் கசிந்திருக்கிறது. நஸீமா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். "தப்பு எங்களுதும்மா. பச்ச துணி நாங்கதான் கட்டனோம்." செல்வி வாய்க்கு வந்தபடி திட்டினார். கட்டியது யார் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. வெளியே வந்து நான் அழுதபோது, "அழுவறது அப்புறம். மொதல்ல செவப்பு கட்டு" என்றாள். குழந்தை பிழைத்து வீடு திரும்பிய பிறகுதான் என்னைக் கேலி செய்தாள்: "பிரியாணிக்கே அரமணி நேரம் தம் போடறோம். தண்ணிக்கு ரெண்டு நாள் போடமாட்டியா?"

சாக்கடையை அடைத்து, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். கடைசி ஞாயிறு நாங்கள் தண்ணீர் எடுத்தது அந்தக் கிணற்றில்தான். பாட்டிலை மூடித் தேதி எழுதியது அவள் கை.

மறுநாள், திங்களன்று, அவளை அடக்கம் செய்துவிட்டு அவள் வீட்டில் இருந்தபோது கிணற்றுக்காரர் கூப்பிட்டார். "பசங்க பேஜார் பண்ணுதுங்க. பச்ச கட்டிடலாமா?"

"நாளைக்கு சாயங்காலம் சொல்றேங்க" என்றேன்.

செவ்வாய் மாலை பாட்டில் கறுக்கவில்லை. பச்சைத் துணியோடு போய்க் கட்டினேன். செல்வி மகளோடு நின்றிருந்தார். "அந்த மேடம் வரலையா?" சொன்னேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, "அவங்க எடுத்த தண்ணிதானே?" என்று கேட்டுவிட்டு மகளைப் பார்த்து, "எறங்கு" என்றார்.

நஸீமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு நாள். யார் அவசரப்படுத்தினாலும் அதை விட்டுத்தர மாட்டேன்.