எல்லாக் கட்டத்திலும் ஒரே விரல்

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் பள்ளி. நான் அங்கே ஆசிரியை. மணலூர்பேட்டைக்காரியான எனக்கு மலைக்கு மாற்றல் வந்தபோது அழுதுகொண்டேதான் ஏறினேன். அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் மிஞ்சியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு இங்கேயே வராவிட்டால் அவள் படிப்பு அத்தோடு சரி. கீழே விடுதியில் விட அவள் அம்மாவுக்கு மனமில்லை. வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சும் தொடங்கியிருந்தது.

பள்ளியைத் தரம் உயர்த்தக் கேட்டு ஒரு கோப்பு தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு ஒரு வியாதி உண்டு. காகிதத்தில் ஒரு வரி கோணலாக இருந்தால் சோறு இறங்காது. 'மலைப் பள்ளிக்கூடம்தானே' என்று எந்த அதிகாரியும் உதட்டைப் பிதுக்கக் கூடாது என்ற பயம் வேறு. கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து, ஓர் எழுத்து தப்பினாலும் பக்கத்தையே மறுபடி அடிக்கச் சொன்னேன். அங்கிருந்த பெண் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விட்டாள். பொருளடக்கம், பள்ளியின் வரைபடம், போட்டோக்கள், ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு கலர்க் காகிதத் துண்டு, மேலே காக்கி அட்டை. கல்யாணப் பெண்ணைப் போல ஜோடித்தேன்.

கடைசி இணைப்பு பெற்றோரின் சம்மதம். பெயர்களை அடித்து, நேரே கைநாட்டுக்குக் கட்டம் போட்டிருந்தேன். ஊர்ப் பெரியவரை அங்கே மூப்பர் என்பார்கள். நான் டைப் வேலையாகக் கீழே அலைந்துகொண்டிருந்ததால், தாள்களையும் மைப்பெட்டியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் தயார். ஒரு ரேகைகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை. ஈஷல் இல்லை. "இவ்வளவு சுத்தமா எப்படி வாங்கினீங்க?" என்று நான் பூரித்துப்போனேன். மூப்பர் சிரித்தார். அப்படியே நாடா போட்டுக் கட்டினேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். சாலை மறியல் என்று பேச்சு அடிபட்டதால், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாலும் திங்கட்கிழமையே கோப்போடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவிட்டேன். அலுவலகத்து எழுத்தர் புரட்டப் புரட்டப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி இணைப்பு வந்ததும் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா டீச்சர் இது? எல்லாம் ஒரே வெரலா இருக்குது?"

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ரேகையிலும் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. கூட்டத்து வருகைத் தாள்களில் நான் பார்த்துப் பழகிய மூப்பரின் கட்டைவிரல்.

"இது மேல போனா போலின்னு எழுதிடுவாங்க. உங்க வேலைக்கே ஆபத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற வாங்கினு வந்துடுங்க," என்றார். நல்ல மனிதர்.

வெளியே வந்தால் பஸ் இல்லை. மறியல் தொடங்கிவிட்டது. வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஒரு மரத்தருகே நின்ற ஆள், "டீச்சருங்களா? பாத்து ஏறுங்க," என்று கோப்பை வாங்கிப் பிடித்துக்கொண்டார். அவர்களும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும்தான் நின்றார்கள். என் பதற்றத்தில் அன்று அது உறைக்கவில்லை. பாதி நடையும், அடிவாரத்தில் ஒரு ஜீப்புமாக ஊர் போய்ச் சேர்ந்தேன்.

தாளை நீட்டிக் கேட்டபோது மூப்பர் முகத்தில் கள்ளத்தனமே இல்லை. "ஊரக் கூட்டிக் கேட்டேங்க. எல்லாரும் சரின்னாங்க. ஊரு சொன்னா நான் வெப்பேன். நான் வெச்சா ஊரு வெச்ச மாதிரி. எப்பவும் அதான வழக்கம்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஆபீசுல அந்த வழக்கமெல்லாம் செல்லாதுங்க!" என்று கத்தினேன். கைநாட்டு இல்லாத கார்பன் பிரதி என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

முதலில் அந்தப் பெண்ணின் வீடு. அவள் அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மூப்பரு வெச்சாச்சேங்க. இப்ப நான் வெச்சா, அவரு வெச்சது செல்லாதுன்னு நானே சொன்ன மாதிரி ஆவுதே."

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து நின்று அவளையே பார்த்தார்கள். அவள் வைக்காவிட்டால் ஒருவரும் வைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை தலைக்கு மேல் நின்றது. கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

மூப்பர் என் கையிலிருந்து மைப்பெட்டியை வாங்கினார். அவர் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்கும் ஊர் அது. அவர் அவள் முன்னால் தரையில் குந்தினார்.

"நான் வெச்சது செல்லலம்மா. நீ வெய்யி."

அவள் அழுதுகொண்டே விரலை அழுத்தினாள். மை கட்டத்தைத் தாண்டி ஈஷிக்கொண்டது. பிறகு ஒவ்வொரு வாசலிலும் மூப்பரே மைப்பெட்டியை நீட்டி அதையே சொன்னார். "நான் வெச்சது செல்லல. நீங்க வெய்ங்க." நாலைந்து வீட்டுக்குமேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கத்தாமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மரங்களைத் தாண்டிப் போய்க் கோப்பைச் சேர்த்தேன். அட்டை கசங்கி, கடைசித் தாள்கள் மையும் மண்ணுமாக இருந்தன. எழுத்தர் ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பு வந்தது. அந்தப் பெண் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று பெற்றோர் கூட்டமும் நடந்தது. எப்போதும்போல வருகைத் தாளை முதலில் மூப்பரிடம் நீட்டினேன்.

"ஊரு வெக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.