ஒட்வரின் பால்கனிக்குக் கீழே

ஒட்வரை எங்கள் ஹாமார் நகரத்தில் பஸ் ஏறிய அத்தனை பேருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வாழைப்பழத் தோலை ஜன்னல் வழியாக வீசிவிட்டான் என்பதற்காக, கொட்டும் மழையில் பஸ்ஸை ஓரங்கட்டி, "போய் எடுத்துட்டு வா, நாங்க காத்திருக்கோம்" என்று அவனை இறக்கிவிட்ட மனிதர். பையன் தோலோடு திரும்பி வரும்வரை பஸ் நகரவில்லை. அவசரமாகப் போக வேண்டியவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் பஸ் போனது, குணம் போகவில்லை. எங்கள் குடியிருப்பின் மாடிப்படியும் குப்பை அறையும் வாசலும் அவர் ஆட்சிக்குள் வந்தன. பீட்சா அட்டையை மடிக்காமல் காகிதத் தொட்டியில் திணித்தால், மறுநாள் காலை அது உங்கள் கதவில் சாய்ந்து நிற்கும். என் கதவிலும் ஒருமுறை நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எதிர்வீட்டுக்காரரிடம் என்ன சண்டை போடுவது? தவிர, அட்டை என்னுடையதுதான்.

மனைவி இறந்த பிறகு தனிக்கட்டை. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் ஸ்னூஸ். புகையிலையைச் சின்னத் துணிப்பொட்டலமாகக் கட்டி டப்பாவில் விற்கிறார்களே, அதுதான். மேலுதட்டுக்குள் ஒன்றை அடக்கிக்கொண்டு பேசுவார், சாப்பாட்டு நேரம் தவிர எப்போதும். பஸ் ஓட்டுகிறவர் சிகரெட் பிடிக்க முடியாதல்லவா, அப்படிப் பிடித்துக்கொண்ட பழக்கம்.

சாரம் இறங்கியதும் அந்தப் பொட்டலத்தை அவர் என்ன செய்தார்? இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன், அவர் வாயாலேயே. குளிர்காலத்தில் தினமும் பால்கனிக் கதவைத் திறப்பார், இரண்டு விரலால் எடுப்பார், கீழே பனியில் சுண்டிவிடுவார். ராத்திரி புதுப்பனி விழும். காலையில் எல்லாம் வெள்ளைவெளேர். அவர் கணக்கில் அது குப்பையே இல்லை. வெறும் இலை, மண்ணில் விளைந்தது, மண்ணோடு மக்கிப்போகும். அந்தத் துணி மக்காது என்பது அவருக்குத் தெரியாதாம்.

தெரியாது என்றால், ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் தனியாகப் பல்வைத்த நீளப்பிடி வாரியை எடுத்துக்கொண்டு போய்த் தன் பால்கனிக்குக் கீழே மட்டும் ஏன் வாரினார்? இதை அவரிடம் நேராகவே கேட்டேன். தரையைப் பார்த்தார்.

எங்களுக்கு டுக்னாட் என்றால் ஒரு திருவிழா மாதிரி. மே மாத ஆரம்பத்தில் ஒருநாள் குடியிருப்பில் இருக்கும் எல்லோரும் இறங்கி, குளிர்காலம் விட்டுப்போன குப்பையையெல்லாம் கூட்டி அள்ளுவோம். வராதவன் பெயர் அடுத்த வருடம் வரை அடிபடும். ஒட்வர் மட்டும் அதற்கு முன்னாலேயே தனியாகத் தொடங்கிவிடுவார். "பாருங்கய்யா, நாம இன்னும் தூங்கறோம், மனுஷன் ஆரம்பிச்சுட்டாரு" என்று நானே எத்தனை முறை மெச்சியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

போன வருடம் மார்ச்சில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். பனி உருகிய நாட்களில் அவர் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் கிடந்தார். வாரி கொட்டகையில் கிடந்தது.

அவருடைய பால்கனிக்கு நேர் கீழே தரைத்தளத்தில் தோரூன் குடியிருக்கிறாள். பேக்கரியில் வேலை, ஒன்றரை வயதில் எல்ட்ரி என்று ஒரு பெண் குழந்தை, கூடத் தம்பி சிந்த்ரே. அவனுக்கு டயர் கடையில் வேலை. குழந்தைக்கு ஒட்வர் என்றால் உயிர். அவருக்கு அவள் வைத்த பெயர் "பஸ்ஸு". தோரூன் குளிக்கப் போனால்கூடக் குழந்தை அவர் மடியில்தான் இருக்கும். அவரும் அவளை வைத்துக்கொண்டு உறுமி, கியர் மாற்றி, ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயராகச் சொல்லி ஊரைச் சுற்றிக் காட்டுவார். அவர் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போது மட்டும்தான்.

ஏப்ரலில் நல்ல வெயில் அடித்த ஒருநாள், தோரூன் குழந்தையை வெளியே விட்டாள். கையுறையைக் கழற்றக் குனிந்தபோது குழந்தையின் வாயில் பழுப்பாக ஏதோ இருந்ததைப் பார்த்தாள். விரலை விட்டு எடுத்தாள். சப்பிய ஸ்னூஸ் பொட்டலம். கொஞ்ச நேரத்தில் குழந்தை வெளிறிப்போய் வாந்தி எடுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிழைத்தாள். அதை விழுங்கியே இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதைத் தோரூன் என்னிடம் சொன்னாள், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சிந்த்ரேயும் ஸ்னூஸ் போடுகிறவன். கேட்க வேண்டுமா? மாடிப்படியிலேயே தோரூன் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், என் குழந்தைடா! வாசல்ல துப்பி வச்சிருக்கியே!"

"நான் வெளிய போடவே மாட்டேன்க்கா. டப்பா மூடியில குழி இருக்குல்ல, சப்பினதை அதுலதான் போடுவேன். சத்தியமா."

"அப்ப வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் வந்து நின்றோம். ஒட்வரும் ஊன்றுகோலை ஊன்றியபடி மேல்படியில் நின்றார். குப்பை என்று வந்துவிட்டால் தீர்ப்பு அவருடையதுதானே, எல்லோர் கண்ணும் அவர் மேல் போனது. அவர் முகம் செத்திருந்தது. குழந்தைக்காக என்று நினைத்துக்கொண்டோம். பிறகு பழக்கதோஷத்தில் வருகிற அந்த டிரைவர் குரலில் சொன்னார்: "சிந்த்ரே, மூடியில குழி எதுக்கு வச்சு விக்கிறாங்க? அழகுக்கா?"

அன்றைக்கே அக்காள் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள். அவன் நண்பன் வீட்டு சோபாவில் போய்ப் படுத்தான்.

டுக்னாட் வந்தது. துரத்தப்பட்டவன் வரமாட்டான் என்று நினைத்தோம், சிந்த்ரே வந்து ஒரு வாளியை எடுத்துக்கொண்டான். நான் வழக்கம்போல வாசலில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒட்வர் வாரியைப் பிடிக்க முடியாமல் மடக்கு நாற்காலியில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எல்ட்ரி அவர் இடது கை விரலைப் பிடித்துக்கொண்டு "பஸ்ஸு, போ, போ" என்று குதித்துக்கொண்டிருந்தாள். அவர் உறுமவில்லை.

பால்கனிக்குக் கீழே வாரியைப் போட்டது மூன்றாம் மாடி ரைடார். பழைய புல்லோடு பொட்டலங்கள் கட்டிகட்டியாக வந்தன. இன்னொரு இழுப்பு, இன்னும் வந்தன. ரைடாருக்கு நாக்கு சும்மா இருக்காது.

"என்னப்பா சிந்த்ரே, விதைச்சு வச்சிருக்கியா? கோடையில முளைக்குமா?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். தோரூன் திரும்பியே பார்க்கவில்லை. சிந்த்ரே மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான். ஒன்றைக் கையில் எடுத்தவன் அப்படியே நிறுத்தினான். தன் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தான். அண்ணாந்து பால்கனியைப் பார்த்தான். பிறகு ஒட்வரைப் பார்த்தான். டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி குனிந்து பொறுக்கினான். இதையெல்லாம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"அது அவனோடது இல்ல" என்றார் ஒட்வர்.

யாரும் கண்டுகொள்ளவில்லை.

"என்னோடது. அத்தனையும் என்னோடது."

ரைடார் வாரியை நிறுத்தினான். "விடுங்க ஒட்வர். தம்பி தப்பை நீங்க ஏன் தலையில போட்டுக்கறீங்க?"

"பெரிய மனசுய்யா இவருக்கு" என்றது வேறு ஒரு குரல்.

நானும் சும்மா இருந்தேனா? "வாஃபிள் ஆறுது ஒட்வர், முதல்ல சாப்பிடுங்க. நீங்களாவது, குப்பை போடறதாவது!" என்று சிரித்தேன். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வலது கையை வாய்க்குள் விட்டு, மேலுதட்டைத் தூக்கி, உள்ளே இருந்ததை எடுத்தார். அதே கையின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எச்சில் பழுப்பாக முகவாயில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"சிந்த்ரே, அதுல ஒண்ணு கொடு."

அவன் தயங்கித் தயங்கி ஒன்றைக் கொடுத்தான். அதையும் அந்த உள்ளங்கையிலேயே பக்கத்தில் வாங்கிக்கொண்டார். ஒரே தடிமன், ஒரே பழுப்பு, ஒரே மாதிரி மடித்து ஒட்டிய ஓரம். இந்தக் காலத்துப் பையன்கள் போடுவது மெல்லிசாக, வெள்ளையாக இருக்கும். இது கிழவர்கள் போடுகிற சரக்கு.

"பாத்துக்கங்க" என்று அந்தக் கையை எங்கள் பக்கமாக நீட்டினார். ஈரமாக இருந்த ஒன்று, காய்ந்துபோன ஒன்று. எங்களால் பார்க்க முடியவில்லை. வயசான ஒரு மனிதர் எல்லோர் முன்னாலும் உடுப்பை அவிழ்த்துவிட்டு நின்ற மாதிரி இருந்தது.

சிந்த்ரேதான் மெதுவாகச் சொன்னான்: "போதும் ஒட்வர். கையை மூடுங்க."

தோரூன் கையிலிருந்த சாக்குப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"அன்னிக்கு மாடிப்படியில நின்னுகிட்டு, மூடியில குழி எதுக்குன்னு கேட்டது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. குழந்தை முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவர் விரலைப் பற்றியிருந்த அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு தன் கம்பளிச்சட்டைக் கையை இழுத்து, குழந்தையின் உள்ளங்கையைத் துடைத்தாள். திருப்பி வைத்துத் துடைத்தாள். விரலிடுக்கெல்லாம் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒட்வர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.