அப்பா பாடிய ஆராதனை

ஆரணியில் எங்கள் நெசவாளர் தெருவில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவர்கள். அதிலும் அப்பாவைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஞாயிறு காலையில் அம்மாவும் நானும் பைபிளோடு சர்ச்சுக்கு, எங்கள் பேச்சில் கோயிலுக்கு, கிளம்பினால், அவர் ஒரு கிண்ணம் சாம்பலோடு கிளம்புவார். பட்டுத்தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளான பாவு தீர்ந்தால், புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழையதோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கத்தான் சாம்பல். எந்த வீட்டில் கைகொடுக்க ஆளில்லையோ அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். கூலி வாங்க மாட்டார்; ஒரு டீ குடிப்பார், அவ்வளவுதான்.

"சாமி பயமே இல்லியா உங்களுக்கு?" என்பாள் அம்மா.

"நம்பாத பாட்டை சாமி முன்னாடி நின்னுகினு பாட சொல்றியா? அந்தப் பொய்யி எனக்கு வராது" என்பார்.

கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்த அக்கா ஒருநாள், கோயிலுக்கு வராதவர்களுக்கும் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவர்களுக்கும் பரலோகத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா இரண்டிலும் மாட்டிக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டுத் தறிக்குப் பின்னால் முழங்காலில் நின்று, அவரையும் சேர்த்துக்கொள்ளும்படி ஜெபித்தேன். ஜெபம் பாதியில் அழுகையாகிவிட்டது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாமா, எதுக்கு அழுதுகினு கீற?"

"நீங்க பரலோகத்துக்கு வர மாட்டீங்களாம்ப்பா. அங்க நீங்க இல்லாம நான் எப்படி இருப்பேன்?"

எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிறவர் அன்று சிரிக்கவில்லை. என் மூக்கைத் துடைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். நான் அம்மாவை விட்டுவிட்டு ஆண்கள் பக்கம் போய் அவரை ஒட்டி உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியதும் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாய்விட்டுப் பாடினார். ராகம் எங்கெங்கோ போனது. பெண்கள் பக்கமிருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பாவு பிணைப்பது சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. நான் காலேஜ் படிக்கச் சென்னைக்குப் போன வாரமே கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று அம்மா போனில் குறைபட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

இப்போது அப்பா இல்லை. நானும் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. ஆனாலும் ஞாயிறு விடிந்தால், அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஆண்கள் பக்கத்தில் இன்னொருமுறை உட்கார மாட்டோமா என்று ஏக்கமாக இருக்கிறது. மனசுக்கு ஒவ்வாததை ஒருநாளும் செய்யாத மனுஷன், என் பயம் தீர்வதற்காக வாராவாரம் அதைச் செய்தார். அந்த வயதில் எனக்கு அதெல்லாம் எங்கே விளங்கியது? என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.